வேட்பாளருக்குக் காசு கொடுத்தவர் யார் என்று ஓட்டுக்கு முன்பே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேரன்மகாதேவி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் 31 வருஷம் வேலை பார்த்து, செயலாளராக ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரிப்புத்தகம் எழுதுகிற பொறுப்பும் ரொம்ப காலமாக என்னிடம்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்துக்கு அந்தப் புத்தகமும் ஒரு காரணம்.

2024-ல் அமெரிக்க அதிபர் தேர்தல் நடந்தபோது, கமலா ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தைப் பற்றி நம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. கோயிலில் நடந்த பூஜை, தெருவில் வைத்த பேனர், ஊர்க்காரர்களின் பேட்டி என எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் படித்தேன். நம் மண்ணோடு தொடர்புள்ள ஒரு பெண் அந்த உயரத்துக்குப் போனதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அவருக்கும் சரி, எதிரே நின்ற டிரம்புக்கும் சரி, யார் பணம் கொடுக்கிறார்கள் என்று எங்கள் டீக்கடைப் பெஞ்சில் ஒரு நாள்கூடப் பேச்சு வரவில்லை.

அந்த நேரத்தில்தான் நியூஜெர்சியில் இருக்கிற என் மகன் போன் செய்தான். அவனுக்கு அங்கே குடியுரிமை கிடைத்து, போடப்போகிற முதல் ஓட்டு. "அப்பா, ரெண்டு பேரையும் வச்சுப் பாத்தா நீங்க யாருக்குப் போடுவீங்க?" என்று கேட்டான். "ரெண்டு பேருக்கும் யார் காசு கொடுத்திருக்கான்னு முதல்ல பாரு" என்றேன். இதிலிருந்து ஏன் ஆரம்பிக்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. அதற்குக் காரணமான சம்பவம், அவன் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தபோது ஊரில் நடந்தது. அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் 186 தலைக்கட்டு, அதாவது வரி கொடுக்கிற குடும்பம். சித்திரை மாதக் கொடைக்கு அப்போது தலைக்கட்டு வரி 1,500 ரூபாய். புருஷனை இழந்த பெண்கள் வீட்டுக்கு அரை வரி, 750. கொடை முடிந்த எட்டாம் நாள் கோயில் முன்னால் ஊர் கூடி உட்காரும். வில்லுப்பாட்டுக்கு எவ்வளவு, நையாண்டி மேளத்துக்கு எவ்வளவு, பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் எவ்வளவு என்று நான் சத்தமாக வாசிப்பேன். யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம், கேட்பார்கள். தேங்காய்க் கணக்கில் 12 ரூபாய் உதைத்ததற்கு ஒரு ராத்திரி முழுக்க என்னை நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமே கிடையாது. அவரவர் வரி கொடுத்த உரிமையில் கேட்டார்கள்.

ஒரு வருஷம் பிசான நெல் சரியாக விளையவில்லை. வரி பிரிக்க முடியாத நிலை. அப்போது வெளியூர்க்காரர் ஒருவர், பக்கத்துப் பொத்தையில், அதாவது சின்னக் குன்றில், கல்குவாரி எடுத்திருந்தவர், மொத்தக் கொடையையும் தானே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். கிட்டத்தட்ட 3 லட்ச ரூபாய். ஊரே சந்தோஷப்பட்டது. நானும் வரிப்புத்தகத்தில் "இவ்வருடம் வரி இல்லை" என்று எழுதினேன். அவர் பரிவட்டம் கேட்கவில்லை, நோட்டீஸில் பெயர் போடச் சொல்லவில்லை. கொடையன்று வந்து ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். எட்டாம் நாள் கணக்கு வாசிக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. என்னத்தை வாசிக்க?

ஆடி மாதம் அவருடைய டாரஸ் லாரிகள் கால்வாய்க் கரைப் பாதையில் ஓட ஆரம்பித்தன. நெல்லு மணி விழுகிற பாதையில் தூசி படிந்தது. வெடி வைக்கும்போது வீட்டுச் சுவர்கள் அதிர்ந்தன. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம் என்று ஒரு தாள் தயார் செய்தோம். கூட்டத்தில் அந்தத் தாள் கைமாறிக் கைமாறிப் போனது. முதல் கையெழுத்துப் போட ஆள் இல்லை. பெரியவர் ஒருவர் சொன்னார்: "எய்யா, அம்மனுக்குச் செஞ்ச மனுசன் மேல எந்த வாயால மனு கொடுக்க?" நானும் பேனாவைத் திறந்து, மறுபடி மூடி வைத்தேன். அந்த வெட்கம் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

கடைசியில் முதல் கையெழுத்துப் போட்டது ஒரு அம்மாள். அரை வரிக்காரர். அந்த வருஷம் வரி இல்லை என்று நான் சொல்லியும், "அடுத்தவன் காசுல எனக்குக் கொடை வேண்டாம்" என்று 750 ரூபாயை என் திண்ணையில் வைத்துவிட்டுப் போனவர். ஊரிலேயே அவர் ஒருவருக்குத்தான் வாய் கட்டப்படாமல் இருந்தது. மனு போவதற்குள் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது.

இந்தக் கதையைச் சொன்ன பிறகு மகன் உட்கார்ந்து தேடினான். வீடியோ காலில் எனக்கும் காட்டினான். அமெரிக்காவில் ஒரு வேட்பாளருக்கு மொத்தம் 200 டாலருக்கு மேல் கொடுத்த தனி ஆள்களின் பெயர், ஊர், தொழில், வேலை பார்க்கும் இடம் எல்லாம் அந்த நாட்டுத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கிறது. 2024 கணக்குப்படி ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,300 டாலர்தான் கொடுக்க முடியும். கம்பெனி தன் பணத்தை வேட்பாளர் கையில் நேரடியாகக் கொடுக்கவே கூடாது என்று 1907-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். எங்கள் வரிப்புத்தகம் மாதிரியே இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்புறம்தான் கொல்லைப்புறக் கதவைக் காட்டினான். 2010 ஜனவரி 21-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஹிலாரி கிளிண்டனை எதிர்த்து எடுத்த ஒரு படத்தைப் பற்றிய வழக்கு அது. வேட்பாளரோடு கலந்துபேசாமல் தனியாகச் செய்தால் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் தேர்தலுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம், அது பேச்சுரிமை என்பது தீர்ப்பு. அதே வருஷம், இப்படித் தனியாகச் செலவழிப்பதற்கென்றே பணம் திரட்டுகிற 'சூப்பர் பேக்' என்கிற அமைப்புகள் முளைத்தன. அவற்றுக்குக் கொடுக்க உச்சவரம்பே கிடையாது. கொடுத்தவர் பெயரைச் சொல்லத் தேவையில்லாத வேறு சில அமைப்புகளும் உண்டு. வாசலில் 3,300 டாலருக்குக் கணக்குக் கேட்கிறார்கள், கொல்லையில் கோடிகள் நுழைகின்றன.

2024-ல் டிரம்பை ஜெயிக்க வைக்க எலான் மஸ்க் ஒருவரே 25 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். நம் பணத்தில் 2,000 கோடியைத் தாண்டும். டிரம்ப் 2025 ஜனவரியில் பதவியேற்றதும், அரசாங்கச் செலவைக் குறைக்கிற வேலையை மஸ்க்கிடமே கொடுத்தார். மஸ்க்கின் ராக்கெட் கம்பெனியோ அரசாங்க ஒப்பந்தத்தில் சம்பாதிக்கிற கம்பெனி. ஹாரிஸ் பக்கமும் பெரும் பணக்காரர்கள் நின்றார்கள். மூன்று மாதத்துக்குள் அவருக்கு 100 கோடி டாலருக்கு மேல் திரண்டது. ஆனாலும் தோற்றார். அதற்கு முந்தைய தேர்தலில் மைக்கேல் புளூம்பெர்க் என்கிற பெரும் பணக்காரர் தன் சொந்தப் பணத்தில் சுமார் 100 கோடி டாலர் இறைத்து, கட்சி வேட்பாளராகக்கூட வர முடியாமல் ஒதுங்கினார். ஆகவே பணம் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. எனக்குப் பயம், ஜெயித்த பிறகு வருகிற அந்த மௌனத்தைப் பற்றி. தாள் கைமாறிப் போகும்போது எங்கள் கூட்டத்தில் இருந்ததே, அதே மௌனம்.

என் மனதைத் தொட்டது இன்னொரு விஷயம். அமெரிக்க வருமான வரிப் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறதாம். அதில் டிக் அடித்தால், நாம் கட்டும் வரி கூடாமலே, அதிலிருந்து 3 டாலர் அதிபர் தேர்தலுக்கான பொது நிதிக்குப் போகும். அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு வலுப்படுத்திய ஏற்பாடு இது, 1976 தேர்தலிலிருந்து வேட்பாளர்களுக்குப் பணம் கொடுத்து வருகிறது. வாங்குகிறவர் செலவுக்கு வரம்பை ஒத்துக்கொள்ள வேண்டும். அச்சு அசலாகத் தலைக்கட்டு வரிதான்! 2008-ல் ஒபாமா அந்தப் பணம் வேண்டாம் என்று வெளியே திரட்டினார். எதிரே நின்ற மெக்கெய்ன் வாங்கினார், தோற்றார். அதற்குப் பிறகு அந்த இரண்டு பெரிய கட்சிகளின் அதிபர் வேட்பாளர்களில் ஒருவரும் அதைத் தொடவில்லை. ஒபாமாவை மதிக்கிறவன் நான், ஆனால் இந்த ஒரு காரியத்தில் அவர் செய்தது தவறு.

மகனிடம் யாருக்குப் போடு என்று நான் சொல்லவில்லை. இருவருக்கும் பின்னால் நிற்கிற பெரிய கை பத்துப் பேரை எழுது, பக்கத்தில் அவர்கள் தொழிலை எழுது, அந்தத் தொழிலைப் பற்றி வேட்பாளர் என்ன பேசியிருக்கிறார் என்று எழுது, ஒன்றுமே பேசாமல் விட்டிருந்தால் அந்த இடத்தில் வட்டம் போடு என்றேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினான். யாருக்குப் போட்டான் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, நம் கதைக்கு வருகிறேன். மக்களவைத் தேர்தல் சமயம், 2024 ஏப்ரலில் தாம்பரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் சுமார் 4 கோடி ரூபாய் ரொக்கம் பிடிபட்டது. நம் ஊர் ரயில் என்பதால் அதைப் பற்றி மாதக் கணக்கில் பேசினோம். அதற்கு முந்தின மாதம்தான், கட்சிகளுக்குப் பணம் கொடுக்க வாங்கிய தேர்தல் பத்திரங்களின் கணக்கு வெளியானது. 2018-லிருந்து விற்ற பத்திரம் 16,500 கோடி ரூபாய்க்கும் மேல். அதைப் பற்றி ஒரு வாரம்கூடப் பேசவில்லை.

கம்பெனிகள் கட்சிக்குப் பணம் கொடுப்பதை 1969-ல் இந்த நாடு தடை செய்திருந்தது. 1985-ல் மறுபடி திறந்துவிட்டார்கள். மூன்று வருஷ லாபச் சராசரியில் 7.5 சதவீதம்தான் கொடுக்கலாம் என்றிருந்த வரம்பை 2017-ல் எடுத்தார்கள். 2018-ல் பெயர் தெரியாமல் கொடுக்கப் பத்திரம் வந்தது. 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்று சொல்லும்வரை ஒரு மக்களவைத் தேர்தலும் பல சட்டமன்றத் தேர்தல்களும் முடிந்துவிட்டன. 2019-லும் 2021-லும் நான் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன். யார் காசில் யார் நிற்கிறார் என்று தெரியாமல் போட்டேன். பா.ஜ.க.வுக்கு வந்தது 6,000 கோடிக்கு மேல். அதிகமாகப் பத்திரம் வாங்கியது கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு லாட்டரி நிறுவனம், அதில் தி.மு.க.வுக்குப் போனது 509 கோடி. லாட்டரியை 2003-ல் தடை செய்த மாநிலம் நம்முடையது. லாட்டரியில் அழிந்த குடும்பங்களுக்குச் சங்கத்தில் நகைக்கடன் எழுதிக் கொடுத்தவன் நான். எந்தக் கட்சிக்காரர் படித்தாலும் கோபம் வரும், வரட்டும்.

பத்திரம் ஒழிந்துவிட்டது, பணம் ஒழியவில்லை. பல கம்பெனிகளிடம் வாங்கி மொத்தமாகக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற தேர்தல் அறக்கட்டளைகள் இருக்கின்றன. யாருடைய பணம் யாருக்குப் போனது என்று அதில் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்கள் பட்டியலை ஒவ்வொரு கட்சியும் வருஷா வருஷம் தேர்தல் ஆணையத்துக்குக் கொடுக்க வேண்டும். அது ஆணைய இணையதளத்திலும் வருகிறது, ஆங்கிலத்தில், ஸ்கேன் செய்த பக்கங்களாக. எங்கள் ஊரில் அதைத் திறந்து படிக்க எத்தனை பேரால் முடியும்? அடுத்த தேர்தலில் வேட்பாளர் எந்தச் சாதி, எந்த ஊர் மாப்பிள்ளை என்று நீங்கள் போடுகிற பெட்டிச் செய்திக்குப் பக்கத்தில் இந்தப் பட்டியலையும் தமிழில் போடுங்கள். கொடுத்தவருக்கு நம் மாவட்டத்தில் குவாரி உண்டா, மணல் உண்டா, காற்றாலை உண்டா, ஆற்றுத் தண்ணீர் எடுக்கிற ஆலை உண்டா என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். ஓட்டுப் போட்டு முடித்த பிறகு வேண்டாம், பத்து நாள் முன்னதாகப் போடுங்கள்.

இதற்கு ஆள் போதவில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். எனக்குக் கணக்குப் பார்க்கத் தெரியும், ஆங்கிலமும் படிப்பேன். சங்கத்தில் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற இரண்டு பேர் வீரவநல்லூரில் இருக்கிறார்கள், கேட்டுவிட்டேன், வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். காலை பஸ்ஸில் வந்து சாயங்காலம் திரும்பிவிடுவோம், சாப்பாடு கட்டிக்கொண்டு வருவோம். உட்கார ஒரு மேசையும் அந்தப் பக்கங்களின் அச்சுப் பிரதியும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர்,
சேரன்மகாதேவி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.