செங்கம், தண்டராம்பட்டு வட்டங்களிலுள்ள நடுகற்களை வருவாய்க் கணக்குகளில் பதியக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தண்டராம்பட்டு வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருவண்ணாமலை.

பொருள்: செங்கம், தண்டராம்பட்டு வட்டங்களில் வயல், ஏரிக்கரை, பாதையோரம் ஆகிய இடங்களில் நிற்கும் நடுகற்களைப் புல எண்ணுடன் கிராமக் கணக்குகளிலும் புலப்படங்களிலும் பதிவு செய்து, அவற்றை நின்ற இடத்திலேயே காக்க ஆவன செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித்தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

நான் இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பணிக்காலத்திலும் அதன் பிறகும் விடுமுறை நாள்களில் சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று, மாண்ட வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்களைப் பார்த்துக் குறிப்பெடுத்து வருகிறேன். முதல்முறை பார்த்த இடத்தில் மறுமுறை செல்லும்போது கல் இல்லாமல் போவதும், அது எங்கே போனது என்று கேட்டால் எவருக்கும் விடை தெரியாமல் இருப்பதும் எனக்கு ஒன்றிரண்டு முறை நேர்ந்ததல்ல. அந்த அனுபவமே இம்மனுவை எழுதச் செய்தது.

நம் பகுதியின் பழமைக்குப் பத்துப்பாட்டே சான்று. பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை, அதாவது இன்றைய செங்கத்தை, ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், கூத்தர்களுக்கு அவனூர் செல்லும் வழியைச் சொல்லும்போது, பாதைகள் பிரியும் இடங்களில் ‘செல்லா நல்லிசைப் பெயரொடு நட்ட’ கற்கள் மிகப் பல என்று கூறுகிறது. போரில் புறமுதுகு காட்டாமல் மாண்டவர்களின் பெயரைப் பொறித்து நட்ட கற்கள் அவை. கல்லைத் தேர்வதற்குரிய காட்சி முதல் வாழ்த்து ஈறாக நடுகல் எடுக்கும் முறையின் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. நூல்களில் படித்த அந்த மரபைக் கண்ணால் காண்பதற்கு நம் மாணவர்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை. செய்யாற்றுக்கும் தென்பெண்ணைக்கும் இடைப்பட்ட ஊர்களில் மாலை நேரத்தில் நடந்தாலே போதும்.

இங்குள்ள கற்களுள் பழையவை பல்லவ மன்னன் சிம்மவிஷ்ணு, அவன் மகன் மகேந்திரவர்மன் ஆகியோர் காலத்தவை; எழுத்து பெரும்பாலும் பழைய தமிழ் எழுத்து வகையான வட்டெழுத்து. அரசனின் பெயரும் ஆட்சியாண்டும் அவற்றில் முதலில் வந்தாலும், கல் நடப்பட்டது அரசனுக்காக அன்று. அரசன் பெயருக்கு அடுத்து அவ்வட்டாரத் தலைவன் பெயரும், இறந்தவன் இன்னாருடைய மகன், மருமகன், சேவகன் என்ற உறவும், எந்த ஊர்த் தொறுவை, அதாவது கால்நடையை, மீட்கும்போது பட்டான் என்பதும் வருகின்றன. செப்பேடு வாங்கும் தகுதியோ கோயிலுக்கு நிலம் எழுதி வைக்கும் செல்வமோ இல்லாத மாடு மேய்ப்போர் குடும்பங்களின் பெயர்கள் பதினான்கு நூற்றாண்டுகளாக நின்றிருப்பது இக்கற்களில்தான். நம் ஊர்கள் பலவற்றுக்குத் தொடக்கக் கால எழுத்துச் சான்றும் இவையே.

எடுத்தனூர் நடுகல்லை இதற்குச் சான்றாகக் காட்டலாம். மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டில், வாணகோ அரைசர் என்னும் வட்டாரத் தலைவரின் ஆள்களுள் ஒருவனான கருந்தேவக்கத்தி தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்தான் என்று அக்கல் கூறுகிறது. வீரனின் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயின் உருவமும் உண்டு. கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். நாயின் பெயரைக் கூட மறவாமல் வெட்டி வைத்தவர்களின் வழியில் வந்த நாம், கல் நிற்கும் இடத்தின் புல எண்ணைக் கூடக் குறித்து வைக்கவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இக்கற்கள் இத்தனை காலம் நிலைத்ததற்கு முதற்காரணம் ஊர்மக்கள். எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் வேடியப்பன் என்று பெயரிட்டு, எண்ணெயும் மஞ்சளும் பூசி, பொங்கலிட்டு வழிபட்டு வருகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு எழுத்தை மறைக்குமே தவிர அழிப்பதில்லை. ஆனால் அண்மைக் காலத்தில் பக்தியின் மிகுதியால் எனாமல் வண்ணம் அடிப்பதும், கல்லின் கீழ்ப்பாதியை, சில இடங்களில் எழுத்துள்ள பகுதியையும் சேர்த்து, சிமெண்டு மேடைக்குள் புதைப்பதும் பெருகியுள்ளன. வழிபாடு நின்றுபோன கற்களின் நிலை இன்னும் மோசம். துணி துவைக்கும் கல்லாகவும் வாய்க்கால் மேல் போட்ட பலகைக்கல்லாகவும் நான் பார்த்திருக்கிறேன். சாலை அகலப்படுத்தும் பணியிலோ நிலத்தைச் சமன் செய்யும் பணியிலோ பொக்லைன் ஓட்டுநருக்கு அது வெறும் கல். அவர்மீது குறை சொல்வதற்கில்லை, ஏனெனில் அவர் கையில் உள்ள வரைபடத்தில் அது இல்லை.

இந்த இடத்தில்தான் வருவாய்த்துறையின் உதவி தேவைப்படுகிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம் நடுகற்களைப் படியெடுத்து 1970களின் தொடக்கத்திலேயே நூலாக வெளியிட்டுவிட்டது. ஆனால் அப்போது இப்பகுதி முழுவதும் வட ஆர்க்காடு மாவட்டத்துச் செங்கம் வட்டம். 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகி, பின்னர் தண்டராம்பட்டு தனி வட்டமாகவும் பிரிந்துவிட்டதால், பழைய பட்டியலை வைத்துக்கொண்டு இன்றைய செங்கம் வட்டத்தில் தேடுபவருக்குப் பல கற்கள் கிடைக்கமாட்டா. 1966ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டப்படி ஒவ்வொரு கல்லையும் தனித்தனியே பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அது நெடுங்காலம் பிடிக்கும் வேலை. நிலஅளவைக் கல் தன் இடத்தில் உள்ளதா என்று பார்த்து, இல்லாவிட்டால் மேலிடத்துக்குத் தெரிவிப்பது கிராம நிர்வாக அலுவலரின் கடமைகளுள் ஒன்று. அந்தக் கண்ணை அதனினும் மூத்த நடுகல்லின் பக்கமும் திருப்பினால் போதும்.

ஆகவே, இரு வட்டங்களிலும் உள்ள கிராம நிர்வாக அலுவலர்கள் தத்தம் கிராமத்து நடுகற்களைக் கணக்கெடுத்து, பட்டா நிலமாயினும் புறம்போக்காயினும் புல எண், உட்பிரிவு ஆகியவற்றுடன் கிராம நிலங்களின் விவரம் அடங்கிய ‘அ’ பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் எழுதவும், நிலஅளவர்கள் அவற்றைப் புலப்படத்தில் காட்டவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பட்டாதாரரின் உரிமைக்கு இப்பதிவால் எந்தக் குறைவும் வராது என்பதை அந்த ஆணையிலேயே தெளிவுபடுத்துவது நல்லது. நிலம் பறிபோய்விடும் என்ற அச்சத்தால்தான் சிலர் கல்லை இரவோடு இரவாக அப்புறப்படுத்துகிறார்கள். சாலை, கால்வாய், கட்டடப் பணிகளுக்கு அனுமதி வழங்கும்போது இப்பதிவைச் சரிபார்ப்பதையும் கட்டாயமாக்க வேண்டும்.

வழிபாட்டில் உள்ள கற்களை அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. ஊர்ப்பெயர் பொறித்த கல்லை அந்த ஊரைவிட்டு அகற்றினால் கல்லும் ஊரும் ஒன்றையொன்று இழந்துவிடும். தனித்துக் கிடப்பவற்றையும் உடைந்தவற்றையும் மட்டும், ஊராட்சியின் இசைவுடன், அதே ஊரின் பள்ளி வளாகத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ நிறுத்தலாம். ஒவ்வொரு கல்லின் அருகிலும் அதன் வாசகத்தை இன்றைய தமிழெழுத்தில் தந்து, வண்ணமோ சிமெண்டோ பூச வேண்டாம் என்ற ஒரு வரியும் சேர்த்துச் சிறு பலகை வைத்தால், தாங்கள் வணங்குபவரின் பெயரை ஊரார் முதன்முறையாகப் படித்தறிவார்கள்.

நான் நேரில் கண்டு குறித்த கற்களின் பட்டியலையும் வழிகாட்டிப் படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். கணக்கெடுப்பின்போது அலுவலர்களுடன் சென்று இடங்களைக் காட்டவும் வட்டெழுத்தைப் படித்துச் சொல்லவும் எவ்வித ஊதியமும் இன்றி ஆயத்தமாக உள்ளேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தண்டராம்பட்டு வட்டம்.