செந்நகர்வும் விண்மீன் மண்டலங்களின் தொலைவும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்மீன் மண்டலங்களின் (கேலக்சிகளின்) தொலைவை, அளவுகோல் வைத்து அளந்தது போல ஒற்றை எண்ணாகச் செய்திகளில் தருவது சரியன்று. தொலைவிலுள்ள பெரும்பாலான மண்டலங்களில் நேரடியாக அளக்கப்படுவது செந்நகர்வு மட்டுமே; அதாவது, விலகிச் செல்லும் மண்டலத்தின் ஒளி அலைநீளம் கூடிச் சிவப்புப் பக்கம் நகரும் விகிதம். ஆய்வகத்தில் 656.3 நானோமீட்டரில் தோன்றும் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு, ஒரு மண்டலத்தின் ஒளியில் 669.4 நானோமீட்டரில் தெரிந்தால், செந்நகர்வு 0.02 என்றும் விலகும் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் என்றும் கொள்ளலாம். அந்த வேகத்தை ஹபிள் மாறிலியால் (ஒவ்வொரு மெகாபார்செக் தொலைவுக்கும், அதாவது ஏறத்தாழ 32.6 லட்சம் ஒளியாண்டுக்கும், விலகும் வேகம் வினாடிக்கு எத்தனை கிலோமீட்டர் கூடுகிறது என்று காட்டும் எண்ணால்) வகுத்தால்தான் தொலைவு கிடைக்கும். அம்மாறிலியோ, அண்டத்தின் தொடக்ககாலத்திலிருந்து எஞ்சியிருக்கும் கதிர்வீச்சான அண்ட நுண்ணலைப் பின்னணியிலிருந்து கணித்தால் 67 என்றும், சீராக ஒளி கூடிக் குறையும் செஃபீடு விண்மீன்களையும் சூப்பர்நோவாக்கள் எனும் விண்மீன் வெடிப்புகளையும் கொண்டு கணித்தால் 73 என்றும் வருவதால், அதே மண்டலத்தின் தொலைவு 29 கோடி ஒளியாண்டு என்றும் 27 கோடி என்றும் மாறுகிறது. மிக அருகிலுள்ளவற்றுக்கு இம்முறை பொருந்தாது. எடுத்துக்காட்டாக, அருகிலுள்ள ஆண்ட்ரோமெடா மண்டலம் நம்மை நோக்கி வருவதால், ஒளி நீலப் பக்கம் நகரும் நீலநகர்வையே காட்டுகிறது. ஆகவே, தொலைவோடு செந்நகர்வையும் எடுத்துக்கொண்ட மாறிலியையும் சேர்த்து அச்சிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்