அடுப்புப் புகையை அளந்தவர்

ஆசிரியருக்கு,

காற்று மாசு என்றாலே வாகனப் புகை, ஆலைப் புகை என்றுதான் எழுதுகிறீர்கள், சரி, அடுப்பங்கரைப் புகையை யார் அளப்பது? அமெரிக்க விஞ்ஞானி கிர்க் ஸ்மித் அளந்தார். 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில், விறகும் வறட்டியும் எரித்துச் சமைத்த பெண்களிடம் சின்ன பம்பும் வடிகட்டியும் மாட்டிவிட்டு, மூச்சோடு உள்ளே போகும் தூசை அப்படியே பிடித்து எடை போட்டார். அப்புறம் மத்திய அமெரிக்க நாடான குவாதமாலாவில் சுமார் 500 வீடுகளில் ஆய்வு. பாதி வீடுகளுக்குப் புகைபோக்கி அடுப்பு. அந்த வீட்டுக் குழந்தைகள் சுவாசித்த கார்பன் மோனாக்சைடு (புகையில் உள்ள நச்சு வாயு) பாதியானது, ஆனால் மருத்துவர்கள் கண்டறிந்த நிமோனியா எதிர்பார்த்த அளவு குறையவில்லை. அதையும் மறைக்காமல் 2011-இல் வெளியிட்டார்கள் (எனக்கு இதுதான் பெரிய விஷயம்). 2012-இல் சுற்றுச்சூழல் துறைக்கான டைலர் பரிசு, 2020-இல் மறைவு. அறிவியல் பக்கத்தில் இவரைப் பற்றி முழுக் கட்டுரை ஒன்று போடுங்கள், ராக்கெட் செய்தி ஒரு வாரம் காத்திருக்கட்டும்.