மாயாவின் கோபம்

அன்புள்ள பானு,

அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சம்மணமிட்டு உட்கார்ந்து பூக்கட்டுவதை இனியாவது விடச் சொல். சொன்னாலும் கேட்க மாட்டார்கள், தெரிந்ததுதான். உன் மகள் மீனு அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குச் சேர்ந்த செய்தியை வீட்டில் எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். முதல் சம்பளக் கவரை யாரிடமும் கொடுக்காமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாளாமே! அந்தக் கவரை நீ வாங்கி பீரோவில் வைத்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். அது அவள் பணம்.

நான் சொன்ன 'ஸ்பீச்லெஸ்' தொடரை, பேச முடியாமல் சக்கர நாற்காலியில் இருக்கும் ஜேஜேயையும் அவன் அம்மா மாயாவையும் பற்றிய அந்த அமெரிக்க நகைச்சுவைத் தொடரை, ஒருவழியாகப் பார்த்துவிட்டாய். பார்த்துவிட்டு நீ கேட்டிருக்கும் கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமான கடிதம். "அந்த மாயா ஏன் எல்லார் மேலும் இப்படி எரிந்து விழுகிறாள்? அமெரிக்காவில் எல்லா வசதியும் சட்டப்படி கிடைக்கிறதே, அப்புறம் எதற்குச் சண்டை?" என்று எழுதியிருக்கிறாய். அண்ணாவும் அதையே சொன்னாராம். போதாக்குறைக்கு, மாயாவைப் பார்த்தால் என் நினைவு வருகிறது என்று வேறு சிரித்தாராம். அவரிடம் சொல், நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வசதி சட்டப்படி கிடைக்கிறது, உண்மைதான். எப்படிக் கிடைக்கிறது என்பதில்தான் கதை இருக்கிறது. 1975இல் இங்கே அமெரிக்காவில் இதற்கென்று கல்விச் சட்டம் வருவதற்கு முன்னால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவே திறக்கவில்லை. சட்டம் வந்தது, எல்லாக் குழந்தைகளுக்கும் அவரவர் தேவைக்கேற்ற இலவசக் கல்வி என்றது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பள்ளியும் பெற்றோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அந்த ஒரு குழந்தைக்கென்று ஒரு திட்டம் எழுத வேண்டும் என்றது. எல்லாம் சரி. பள்ளி எழுதியபடி நடக்காவிட்டால்? வீடு வீடாக வந்து விசாரிக்கிற அதிகாரி யாரும் கிடையாது. பெற்றோர் புகார் செய்ய வேண்டும், மத்தியஸ்தத்துக்குப் போக வேண்டும், விசாரணை கேட்க வேண்டும், அதற்கும் மேலே நீதிமன்றம். அதாவது சட்டத்துக்குக் காவல் நிற்கிற வேலையை அரசாங்கம் அம்மா அப்பாவிடம் சம்பளமில்லாமல் ஒப்படைத்திருக்கிறது. கூடுதல் செலவுக்காக, ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்று அந்தக் காலத்தில் வாக்குக் கொடுத்தார்கள். இப்போது அதில் பாதியைக்கூடத் தருவதில்லை. பணம் இல்லாத பள்ளி வாரியம் ஒரு பக்கம், சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிற அம்மா ஒரு பக்கம். இந்த ஏற்பாட்டில் இனிமையாகப் பேசுகிறவளின் பிள்ளைக்கு என்ன கிடைக்கும், நீயே சொல்.

முதல் அத்தியாயத்தில் புதுப் பள்ளியின் வாசலில் நடப்பது நினைவிருக்கிறதா? சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை எங்கே என்று கேட்டால், குப்பை கொண்டு போகிற பாதையைக் காட்டுகிறார்கள். மாயா அங்கேயே பிடித்துக்கொள்கிறாள். நீ அதை நகைச்சுவைக்காக மிகைப்படுத்தியது என்று நினைத்திருப்பாய். மாற்றுத்திறன் பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்த எங்கள் குழுவில் அந்தக் காட்சிக்கு ஒருவரும் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினார்கள். சமையலறை வழியாக, சரக்கு லிப்ட் வழியாக, பின்வாசல் வழியாக நுழைந்த அனுபவம் இல்லாத குடும்பம் அந்த அறையில் இல்லை. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தது அடுத்த காட்சிக்கு. ஜேஜே வகுப்புக்குள் நுழைந்ததும் மொத்த வகுப்பும் எழுந்து நின்று கைதட்டுகிறதே, அவன் யாரென்றே தெரியாமல் மாணவர் தலைவர் பதவிக்கு அவன் பெயரை முன்மொழிகிறதே, அதற்கு! எங்கள் மகன் கவின் மூன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாளே அவனுக்கு 'தைரியசாலி' சான்றிதழ் கொடுத்தார்கள். பையன் அதுவரை செய்திருந்த ஒரே வீரச் செயல் மதிய உணவைச் சாப்பிட மறுத்தது.

எங்கள் சண்டை ஒன்றைச் சொல்கிறேன், இதை உனக்கு எழுதினேனா தெரியவில்லை. கவின் பேசுவதற்குப் பள்ளி ஒரு டேப்லெட் கொடுத்தது. படத்தைத் தொட்டால் அது அவனுக்காகப் பேசும். மணி மூன்றானால் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பள்ளிச் சொத்தாம், வீட்டுக்குத் தர முடியாதாம். யோசித்துப் பார்: காலை எட்டிலிருந்து மூன்று வரை வாய் திறக்கலாம், சனி ஞாயிறு மௌன விரதம். வீட்டில் பயன்படுத்தினால்தான் குழந்தை கற்றுக்கொள்ளும் என்று திட்டத்தில் எழுதிவிட்டால் வீட்டுக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்பது விதி. அதைப் படித்துக் கண்டுபிடித்தவள் நான், திட்டக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனவளும் நான். அந்த அறையில் இருந்த எட்டுப் பேரும் படித்தவர்கள், நல்லவர்கள், குழந்தைகள் மேல் பிரியமுள்ளவர்கள். ஒருவர்கூடத் தாமாக அந்த விதியைச் சொல்லவில்லை. எங்கள் நியூஜெர்சியில் ஒரு புண்ணியம் உண்டு: வழக்கு என்று வந்தால் தான் செய்தது சரி என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு பள்ளியின் தலையில்தான். அதை நான் மெதுவாக நினைவூட்டியதும் அலமாரி திறந்தது. அன்றைக்கு என் குரலை அண்ணா காதால் கேட்டிருந்தால் மாயாவே பரவாயில்லை என்றிருப்பார்.

இந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2017 மார்ச்சில், உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. கொலராடோவில் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் பெற்றோர் தொடுத்த வழக்கு. பையனுக்கு ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் இருந்தாலே பள்ளி தன் கடமையைச் செய்ததாக ஆகிவிடும் என்று கீழ் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அது போதாது, அவன் நிலைமைக்குத் தக்க உண்மையான முன்னேற்றம் வேண்டும் என்று எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். நாடு முழுவதும் உள்ள குழந்தைகளுக்குக் கிடைத்த அந்த வரி, ஒரு வீட்டின் பிடிவாதத்தால் வந்தது. அதனால்தான் மாயாவைக் 'கோபக்காரி' என்று எழுதும் விமர்சகர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அவள் சுபாவத்தை அளக்கிறார்கள், அவளுக்குக் கொடுத்திருக்கும் வேலையைப் பார்ப்பதில்லை.

ஆனால் குழுவில் எல்லாருக்கும் தொடர் பிடித்தது என்று நினைக்காதே. ஒரு அப்பா, அவர் மகளுக்கு வயிற்றில் குழாய் வழியாகத்தான் உணவு, இரண்டு அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டார். "அந்த வீட்டில் யாருக்கும் தூக்கக் கலக்கமே இல்லையே" என்றார். ஒரே வாக்கியம்தான், ஆனால் மறுக்க முடியவில்லை. இரவில் யார் எழுந்து ஜேஜேயைப் புரட்டிப் படுக்க வைக்கிறார்கள்? குளியலறையில் என்ன நடக்கிறது? காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்து, இசையைக் கேட்டுக்கொண்டே எத்தனை மணி நேரம் காத்திருக்கிறார்கள்? ஜேஜேயின் அப்பா விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிற வேலை செய்துகொண்டு, பணக்கார ஊரில் இடிந்த வீட்டிலாவது குடியிருக்க முடிகிறதே, அது எப்படி? பள்ளியில் ஜேஜேக்குத் துணையாக இருக்கும் உதவியாளர் விஷயத்தில் எனக்கே எரிச்சல் வந்தது. தோட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்த கென்னத் முதல் வாரமே கிடைத்து, மூன்று பருவமும் நிலைத்து நிற்கிறார். எங்கள் ஊரில் அந்த வேலைக்குத் தருகிற சம்பளத்துக்கு ஒருவர் ஒரு கல்வியாண்டு முழுக்க நின்றால் பொங்கல் வைத்துக் கொண்டாடலாம்.

அரை மணி நேர நகைச்சுவைக்குள் எல்லாவற்றையும் வைக்க முடியாது என்பது ஒரு சமாதானம். நான் அதை ஏற்றுக்கொண்டுவிட்டேன், ஏனென்றால் ஒரு விஷயத்தில் அவர்கள் குறுக்கு வழியே எடுக்கவில்லை. ஜேஜேவாக நடித்த மைக்கா ஃபௌலருக்கு நிஜமாகவே மூளை முடக்குவாதம். எங்கள் மாநிலத்துப் பையன் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப் பெருமையும் உண்டு. தொடர் தொடங்கிய 2016இல் ஒரு அமைப்பு கணக்கெடுத்தது: தொலைக்காட்சியில் வரும் மாற்றுத்திறனாளிப் பாத்திரங்களில் 95 சதவீதத்துக்கு மேல் எந்தக் குறைபாடும் இல்லாத நடிகர்களே நடித்தார்களாம். 1989லேயே 'லைஃப் கோஸ் ஆன்' தொடரில் டவுன் சிண்ட்ரோம் உள்ள கிறிஸ் பர்க் முக்கியப் பாத்திரமாக நடித்துவிட்டார். மீனுவுக்குக் காட்டு, அவளுக்குப் பிடிக்கும். நியாயமாக அதற்குப் பிறகு இந்தக் கதவு அகலத் திறந்திருக்க வேண்டும். இதை உருவாக்கிய ஸ்காட் சில்வெரியும் வெளியாள் இல்லை. மூளை முடக்குவாதம் உள்ள அண்ணனோடு வளர்ந்தவர்.

அதனால்தானோ என்னவோ, ஜேஜேயின் தம்பி ரேயின் பகுதிகள் அவ்வளவு கூர்மையாக இருக்கின்றன. அண்ணனுக்காக வீடு மாறி, ஊர் மாறி, நண்பர்களை விட்டுவிட்டு வரும் பையன், எனக்கு இந்தப் பள்ளி பிடித்திருக்கிறது, இங்கேயே இருக்கலாம் என்று கெஞ்சுகிறானே. அதைப் பார்த்தபோது என் மகள் யாழினி என் பக்கம் திரும்பாமலே, "அவன் சொல்றதுதான் சரி" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அவளுடைய நடன வகுப்பு ஆண்டு விழாவும் கவினின் திட்டக் கூட்டமும் ஒரே நாளில் வந்தபோது எதற்குப் போனேன் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்னொரு முறை வந்தாலும் கூட்டத்துக்குத்தான் போவேன். அதுவும் அவளுக்குத் தெரியும்.

கவின் என்ன சொன்னான் என்று நீ கேட்கவில்லை. வழக்கமாக நீதான் முதலில் கேட்பாய், அம்மாவின் அறுவை சிகிச்சை மும்முரத்தில் மறந்திருப்பாய். குழுவில் நாங்கள் எல்லாரும் மாயா மாயா என்று பேசிக்கொண்டிருந்தோம். அவனுக்கு மாயா ஒரு பொருட்டே இல்லை. அவன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது ஒரே இடத்தைத்தான். ஜேஜே தலையில் இருக்கும் விளக்கால் பலகையில் சொற்களைச் சுட்டுகிறான். பக்கத்தில் இருப்பவர் அதை வாசித்துச் சொல்ல வேண்டும். முதலில் வந்த பெண்மணியின் தேன் குரல் அவனுக்கு ஒவ்வவில்லை. கென்னத்தின் கனத்த குரல்தான் வேண்டும் என்று அவனே தேர்ந்தெடுக்கிறான். அதைப் பார்த்த வாரத்தில் கவின் தன் டேப்லெட்டில் போய், நாங்கள் வைத்திருந்த சிறுவன் குரலை மாற்றி ஒரு பெரிய ஆள் குரலை வைத்துக்கொண்டான். அப்போது பதினான்கு வயதான பையன் ஏழு வயதுக் குரலில் ஏன் பேச வேண்டும்? குரல் மாறியதும் அவன் பேசிய முதல் வாக்கியம், "அம்மா, கதவைச் சாத்திவிட்டுப் போ." அவன் அப்பா ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இப்போது அவன் பயன்படுத்துவது உங்கள் சென்னையில் பிறந்த, பேச உதவும் ஆவாஸ் செயலி. நீ மீனுவை ஒரு காலத்தில் அழைத்துப் போன கோட்டூர்புரம் வித்யாசாகர் மாற்றுத்திறனாளிகள் மையத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து உருவானது அது. நியூஜெர்சியில் என் மகன் எனக்குக் கட்டளையிடுவதில் கோட்டூர்புரத்துக்குப் பங்கு உண்டு. இங்கே வந்த புதிதில் ஒரு பேச்சுப் பயிற்சியாளர், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழப்பும் என்றார். அப்படியானால் அவன் பாட்டியிடம் எந்த மொழியில் பேசுவான் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இப்போது தமிழிலும் வைத்துக்கொடுத்திருக்கிறோம். பாட்டியோடு வீடியோ அழைப்பில் அவன் பேசுவது பெரும்பாலும் முறுக்கைப் பற்றித்தான்.

தொடரின் கடைசிப் பருவம் ஜேஜேயின் பள்ளி இறுதி ஆண்டு. 2019 ஏப்ரலில் தொடர் முடிந்துவிட்டது. எல்லாரும் கண்கலங்கினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் சொன்னேனே அந்தச் சட்டம், அது பள்ளிப் பருவத்தோடு சரி. இங்கே 21 வயது வரை ஓடும். பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழ் வாங்கிவிட்டால் அதற்கு முன்பே நின்றுவிடும். அதற்குப் பிறகு இந்த மாதிரிக் கல்வி உரிமை இல்லை, பெரும்பாலும் தகுதி, விண்ணப்பம், வரிசை. அம்மா எவ்வளவு கத்தினாலும் காட்டுவதற்குக் கையில் அந்தச் சட்டம் இருக்காது. மாயா அங்கே என்ன செய்வாள் என்பதைத்தான் நான் பார்க்க விரும்பினேன். அந்தக் கதையை எழுத யாருக்கும் மனம் வரவில்லை.

கவினுக்கு அடுத்த தை வந்தால் 18. அந்த நாளிலிருந்து அவன் சட்டத்தின் கண்ணில் பெரியவன். மருத்துவர்கூட அவன் சம்மதமில்லாமல் எங்களிடம் பேச மாட்டார். அவனுக்குப் பதிலாக நாங்களே முடிவெடுக்க நீதிமன்றத்தில் பாதுகாவலர் உரிமை வாங்கிவிடலாம் என்கிறார் இவர். குரலைத் தானே தேர்ந்தெடுத்த பையனின் கையெழுத்தை நாம் ஏன் பிடுங்க வேண்டும் என்கிறேன் நான். முடிவெடுக்க அவனுக்கு உதவி மட்டும் செய்வதாக எழுதிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வங்கி அதை ஏற்குமா என்பது இவர் கேள்வி. அது நியாயமான கேள்விதான், அதனால்தான் தூக்கம் வரவில்லை.

மீனுவுக்கு நீங்கள் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழுவில் பாதுகாவலர் சான்றிதழ் வாங்கினீர்களா, அல்லது விட்டுவிட்டீர்களா? வாங்கியிருந்தால், அவளிடம் எப்படிச் சொன்னீர்கள்? வாங்காமல் இருந்தால், வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? அண்ணாவிடமும் கேட்டு எழுது, இவர் அவர் சொன்னால் கேட்பார். இங்கே வக்கீலைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறோம், அதற்கு முன் உன் பதில் வந்தால் நல்லது.

அன்புடன்,
வசந்தி