காற்று இங்கே, தண்ணீர் அங்கே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காற்றாலை மின்சாரம் வீணாவதைப் பற்றி உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். 'ஆடி மாதம் ஓடுகிற காற்றாலையை நிறுத்தி வைக்கிறார்கள், நாலு மாதம் கழித்து வெளியில் காசு கொடுத்து மின்சாரம் வாங்குகிறார்கள், இது என்ன கணக்கு?' என்று கேட்டிருந்தார். நான் மின்வாரியத்தில் துணை மின்நிலையப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவள். உடுமலையை அடுத்த பூளவாடி, குடிமங்கலம் பக்கத்துக் காற்றாலை ஃபீடர்கள் (மின்சாரம் கொண்டுவரும் கம்பித் தடங்கள்) வந்து சேர்கிற இடங்களில்தான் என் சர்வீஸில் பெரும்பகுதி போனது. அவர் கேட்டது சரியான கேள்வி. ஆனால் முழுப் பதிலும் சென்னையில் இல்லை. பாதிப் பதில் பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கிறது.

சீசனில் கண்ட்ரோல் ரூம் எப்படி இருக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு ஃபீடரின் லோடையும் பார்த்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும். ஆனி பிறந்துவிட்டால் காற்றாலை ஃபீடர்களின் எண்கள் மளமளவென்று ஏறும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஊர் அடங்கிவிடும், காற்று அடங்காது. அப்போது மாநிலத்தின் உற்பத்தியையும் செலவையும் சமன் செய்கிற லோட் டெஸ்பாட்ச் மையத்திலிருந்து போன் வரும், காற்றாலையைக் குறைக்கச் சொல்லி. எந்த ஃபீடர், எத்தனை மெகாவாட், எத்தனை மணிக்கு, சொன்னது யார் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு பிரேக்கரைத் திறந்து ஃபீடரைத் துண்டிப்போம். ஐந்து நிமிஷத்தில் காற்றாலைக்காரரிடமிருந்து அடுத்த போன். "மேடம், வருஷத்துல நாலு மாசந்தான் ஓடுது. அதுலயும் ஆஃப் பண்ணுனா பேங்க் டியூவை யாரு கட்டறது?" திட்டுபவர்களும் உண்டு, கெஞ்சுபவர்களும் உண்டு. என்னிடம் சொல்வதற்குப் பதில் கிடையாது.

இதில் யாருடைய சதியும் இல்லை. செலவாகிற அளவுக்குத்தான் உற்பத்தி செய்ய முடியும். மிஞ்சினால் கிரிட்டின், அதாவது எல்லா மின்நிலையங்களையும் இணைக்கிற மின்வலையின், ஃப்ரீக்வென்சி 50 ஹெர்ட்ஸைத் தாண்டி ஏறும், அதனால் யாராவது குறைத்தே ஆக வேண்டும். அனல் மின்நிலையத்தை ஓரளவுக்குக் கீழே இறக்க முடியாது. கேஸ் அடுப்பைப் போலத் திருகி அணைத்துவிட்டுக் காலையில் பற்றவைக்கிற சமாசாரம் இல்லை அது. கூடங்குளம் அணு உலையும் அப்படித்தான். கடைசியில் யாரைச் சுலபமாக நிறுத்த முடியுமோ அவரைத்தான் நிறுத்துவார்கள். இப்போது சூரிய மின்சாரமும் பெருகிவிட்டதால் ராத்திரி வந்த அந்தப் போன் மத்தியானமும் வருகிறது என்று சர்வீஸில் இருக்கும் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

அந்தப் பக்கம் பாருங்கள். கேரளத்தில் தண்ணீர்தான் மின்சாரம். மூலமற்றத்தில் இருக்கிற இடுக்கி பவர் ஹவுஸ் மட்டும் 780 மெகாவாட். அப்படியிருந்தும் தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை அந்த மாநிலம் வெளியிலிருந்துதான் வாங்குகிறது. நீர் மின்சாரத்துக்கு ஒரு பெரிய வசதி உண்டு. தண்ணீரைத் திறக்காமல் இருந்தாலே சேமிப்பு, வேண்டும்போது சில நிமிஷத்தில் மெஷினை ஓட்டிவிடலாம். பேட்டரிக்கு இன்று கோடிக்கணக்கில் டெண்டர் விடுகிறோம். இடுக்கி அணையும் கக்கி அணையும் எப்போதோ கட்டி முடித்த பேட்டரிகள்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம்மிடம் மிஞ்சுகிற காற்று மின்சாரத்தைக் கேரளம் எடுத்துக்கொள்ளட்டும். அந்த அளவுக்கு அணைத் தண்ணீரைத் திறக்காமல் வைத்திருக்கட்டும். ஐப்பசியில் காற்று நின்ற பிறகு, கார்த்திகையிலிருந்து மாசி வரை, காலையிலும் மாலையிலும் நமக்குத் தட்டுப்படுகிற நேரத்தில் யூனிட்டுக்கு யூனிட் திருப்பித் தரட்டும். இதை வருஷா வருஷம் பேசிக்கொண்டிருக்காமல் பத்து, இருபது வருஷத்துக்கு ஒப்பந்தமாகவே எழுதிக்கொள்ள வேண்டும்.

கொடுத்து வாங்குவது ஒன்றும் புதிதில்லை. 'ஸ்வாப்' என்ற பெயரில் இரண்டு மாநிலங்களுமே வட மாநிலங்களோடு இதைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. கோடையில் நமக்கு வேண்டும்போது வாங்கிக்கொள்வது, அங்கே நெல் நடவுக்கு மோட்டார் ஓடுகிற ஜூன், ஜூலையில் மேலே கொஞ்சம் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பது. கேரளம் பஞ்சாபோடு இப்படிச் செய்திருக்கிறது. தேசத்தின் அந்தக் கோடிவரை மின்சாரத்தை அனுப்பி வாங்கத் தெரிந்த நமக்கு, ஆனைமலைக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு பேசத் தெரியவில்லை.

ஆடியில்தான் கேரளத்திலும் மழை கொட்டும், அணை நிரம்புகிற நேரத்தில் நம் காற்று அவர்களுக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நானே என் சக ஊழியர்களிடம் கேட்ட கேள்விதான். 2018 ஆகஸ்ட் மாதிரி வருஷத்தில் இந்த யோசனை செல்லாது. இடுக்கி நீர்த்தேக்கம் நிரம்பியதால் அதன் செறுதோணி அணையின் ஷட்டர்களை 26 வருஷத்துக்குப் பிறகு திறந்துவிட்ட வருஷம் அது. வழிகிற தண்ணீரை மெஷினில் விடாமல் இருக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்? ஆனால் எல்லா வருஷமும் 2018 இல்லை. 2023-இல் தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது. ஆகஸ்டில் மழையே காணோம். அந்த வருஷம் கேரள மின்வாரியம் மின்சாரத்துக்குப் படாத பாடு பட்டது. அதே மாதங்களில் நம் பக்கம் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஆகவே ஒப்பந்தத்தில் யூனிட் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதாது. இன்ன தேதியில் அணை இன்ன மட்டத்துக்குக் கீழே இருந்தால் இவ்வளவு எடுத்துக்கொள்வது, மேலே இருந்தால் இவ்வளவு என்று அட்டவணை போட வேண்டும்.

அப்படி ஒரு அட்டவணை போட முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் இரண்டு மாநிலங்களும் ஆற்றுத் தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளப் போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்கலாம். 1970 மே 29-இல் கையெழுத்தானது, 1958 நவம்பர் 9 முதல் நடப்பில் இருப்பதாகக் கணக்கு. அதன்படி ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் 1-ஆம் தேதியும் பிப்ரவரி 1-ஆம் தேதியும் கேரளச் சோலையாறு அணையை நாம் நிரப்பி வைத்திருக்க வேண்டும். அவர்கள் அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லையருகே ஆழியாற்றின் மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி கேரளத்துச் சித்தூர் பாசனத்துக்குப் போக வேண்டும். மீதியில் நாம் மின்சாரம் எடுக்கிறோம், திருமூர்த்தி அணை வரை கொண்டுவந்து பாசனமும் செய்கிறோம். எங்கள் உடுமலையில் இன்று தென்னை நிற்கிறது என்றால் அந்தக் காகிதத்தால்தான். சண்டை வராமல் இல்லை. சித்தூர்க்காரர்கள் தண்ணீர் குறைகிறது என்பார்கள், இங்கே பாசன சபைக்காரர்கள் மடை வறண்டது என்பார்கள். 30 வருஷத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்று எழுதியிருந்ததில் 1988 கெடு தாண்டிப் போய் எத்தனை காலமாகிறது. இருந்தாலும் தேதியும் அளவும் எழுத்தில் இருப்பதால் வண்டி ஓடுகிறது.

கேரளம் என்றதும் நம்மவர்களுக்கு முல்லைப் பெரியாறுதான் ஞாபகம் வரும். அந்த வழக்கு அதன்பாட்டுக்கு நடக்கட்டும். அத்தனை சண்டைக்கு நடுவிலும் அந்த அணைத் தண்ணீரில் நம் லோயர் கேம்ப் பவர் ஹவுஸ் ஓடுகிறது, அதற்காக 1970 ஒப்பந்தப்படி கேரளத்துக்குத் தமிழ்நாடு பணம் கட்டுகிறது. இதை மேடையில் யாரும் சொல்வதில்லை, கைதட்டு விழாதே!

அப்புறம், இதற்கெல்லாம் கம்பி வேண்டாமா? இருக்கிறது. 2012-இல் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது வடக்கே மின்சாரம் விற்க ஆள் இருந்தது. இங்கே கொண்டுவர லைன் இல்லை. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர் சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் இணைந்த பிறகுதான் தெற்கு கிரிட் தேசத்து கிரிட்டோடு ஒன்றானது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 6,000 மெகாவாட் டிசி (நேர்மின்சார) லைன் அதற்கும் பின்னால் வந்தது. புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் டிசி லைன் ஒன்றைப் பிரதமர் 2021 பிப்ரவரியில் தொடங்கி வைத்தார். வேண்டியபோது வேண்டிய திசையில் திருப்பிவிடக்கூடிய தொழில்நுட்பம் அது. காற்றை அங்கே அனுப்பவும் தண்ணீர் மின்சாரத்தை இங்கே இழுக்கவும் இதைவிட என்ன வேண்டும்?

அந்த லைன் விஷயத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு மனக்குறை உண்டு. நம் எல்லைக்குள் டவர் நட்டுத் தோட்டத்து மேலே கம்பி போகிறது. கேரளத்துக்குள் கடைசிப் பகுதி சாலையோரமாக மண்ணுக்கடியில் கேபிளாகப் போகிறது. 'அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?' என்று விவசாயிகள் மறியல் செய்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், கைதானார்கள். செலவு அதிகம் என்பது பொறியியல் பதில். எனக்கு அந்தப் பதில் தெரியும், ஆனால் தென்னையை வெட்டக் கொடுத்தவரிடம் அதைச் சொல்ல வாய் வராது. டவர் நிற்கும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று மத்திய அரசு 2015-இல் வழிகாட்டியது. 2024-இல் டவர் இடத்துக்கு 200 சதவீதம், பாதைக்கு 30 சதவீதம் என்று உயர்த்தியது. ஏற்பதும் விடுவதும் மாநிலத்தின் இஷ்டம். ஒரே லைனுக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை என்றால் யார் நிலம் கொடுப்பார்கள்?

இதில் கேரளமும் பட்டுத் தெளிந்ததுதான். கூடங்குளத்திலிருந்து அவர்களுக்குச் சேர வேண்டிய மின்சாரத்துக்காகப் போட்ட இடமண் கொச்சி 400 கிலோவோல்ட் லைன், நில உரிமையாளர்களின் எதிர்ப்பால் பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. மாநில அரசு தனி இழப்பீட்டுத் தொகுப்பு கொடுத்த பிறகு 2019-இல்தான் முடிந்தது. அதுவரை அந்த மின்சாரம் எங்கள் உடுமலை வழியாகச் சுற்றிக்கொண்டு திருச்சூருக்குப் போனது. அத்தனை தூரம் சுற்றினால் வழியில் எவ்வளவு இழப்பு என்பது லைன் வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். தென்மாநிலங்கள் ஐந்தும் புதுச்சேரியும் இழப்பீட்டுக்கு ஒரே விகிதத்தை ஒத்துக்கொண்டால் அடுத்த லைனாவது சீக்கிரம் முடியும்.

பேசுவதற்கு இடம் இல்லாமலும் இல்லை. பெங்களூரில் தென்மண்டல மின்குழு இருக்கிறது. எல்லா மாநில மின்வாரிய அதிகாரிகளும் அங்கே போகிறார்கள், எந்த மெஷினை எப்போது பராமரிப்புக்கு நிறுத்துவது, எந்தப் பாதுகாப்பு ரிலேயை எப்படி செட் செய்வது என்று நன்றாகவே பேசி முடிக்கிறார்கள். அங்கே போகிற பொறியாளர்களுக்குள் மொழிச் சண்டையோ நதிச் சண்டையோ நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பத்து வருஷத்துக்கு மின்சாரம் கொடுத்து வாங்குவது பொறியாளர் கையெழுத்தில் நடக்கிற வேலையில்லை. இரண்டு மின்துறை அமைச்சர்கள் உட்கார வேண்டும். அப்புறம் இரண்டு ஒழுங்குமுறை ஆணையங்களும் ஒப்ப வேண்டும்.

மின்சாரச் சந்தை இருக்கும்போது ஒப்பந்தம் எதற்கு என்று சென்னையிலுள்ள ஒரு நண்பர் கேட்டார். சந்தையில் பருவமழைக் காலத்து மத்தியானம் யூனிட் இரண்டு ரூபாய்க்கும் கீழே போகிறது. கோடை மாலையில் உச்சவரம்பான 10 ரூபாயைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நாம் கீழே விற்று மேலே வாங்குகிறோம், கேரளமும் மேலேதான் வாங்குகிறது. நடுவில் லாபம் பார்ப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாளைய விலை மட்டுமே தெரிந்த சந்தையை நம்பி எந்த அணைப் பொறியாளரும் ஆறு மாதத்துக்குத் தண்ணீரைத் தேக்கி வைக்க மாட்டார்.

நம் வேலையும் பாக்கி இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை 1987-லிருந்து இருக்கிறது. மிஞ்சிய மின்சாரத்தில் மேல் ஆழியாற்றுத் தண்ணீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றி, தேவையானபோது இறக்கி 400 மெகாவாட் எடுக்கும் நிலையம். அந்தக் காலத்திலேயே மலைக்குள் குடைந்து கட்டினார்கள். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று எடுத்து வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே பழைய 225, 250 கிலோவாட் காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் பெரியதாகப் போட அரசு 2024-இல் கொள்கை கொண்டுவந்தது. நல்லது. ஆனால் காற்றாலை பெரிதானால் சீசனில் மிஞ்சுவதும் பெரிதாகும், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று முதலில் முடிவு செய்யட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த நாளில் எத்தனை மெகாவாட் காற்றாலையை நிறுத்தினார்கள், எத்தனை மணி நேரம் நிறுத்தினார்கள் என்ற விவரமெல்லாம் லோட் டெஸ்பாட்ச் மையத்தில் பதிவாகிறது. கேட்டு வாங்கி, அணை நீர்மட்டம் போடுகிறீர்களே, அதற்குப் பக்கத்தில் வரும் சீசனிலிருந்து வாரம் ஒருமுறையாவது வெளியிடுங்கள். இடுக்கி மட்டத்தையும் அதோடு சேர்த்துப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய உதவிப் பொறியாளர்,
உடுமலைப்பேட்டை.