பச்சைப் பெட்டியும் மஞ்சள் பெட்டியும்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மறுபடி கிட்டாரைக் கையில் எடுத்துவிட்டாய் என்று படித்ததும் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. விரல் நுனி எரிகிறது என்று புலம்பியிருக்கிறாய். எரியட்டும், தோல் தடித்தால் சரியாகிவிடும். ஆனால் உன் மகள் டிரம்ஸ் பழகுகிறாள் என்பதுதான் உன் கடிதத்திலேயே பெரிய செய்தி. அந்தக் காலத்தில் ஒரு டிரம்மருக்காக எத்தனை பேர் காலில் விழுந்திருப்போம்! உனக்கு வீட்டிலேயே ஒருத்தி கிடைத்துவிட்டாள், கொடுத்துவைத்தவன்.

என் பக்கம் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய ஆம்பைத் தூக்க முதுகு சம்மதிக்காததால் அதை விற்றுவிட்டேன். இப்போது இருப்பது ஒரு கையால் தூக்கக்கூடிய சின்ன வால்வ் ஆம்ப். கூட வாசிக்கிற பசங்க எல்லாருமே என்னைவிட ரொம்பச் சின்னவர்கள். எல்லாவற்றையும் லேப்டாப்பிலேயே முடித்துவிடுகிறார்கள். கிட்டார் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கிற பெட்டிகளை அடுக்கிய என் பெடல் போர்டைப் பார்த்துவிட்டு, மியூசியத்திலிருந்து எடுத்துவந்தீர்களா என்று கேட்கிறார்கள். இருந்தும் பிரேக் நேரத்தில் ஒவ்வொருவனாக வந்து மிதித்துப் பார்க்காமல் இருப்பதில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பழைய டிஎஸ்-9, அதாவது அந்தப் பச்சை டியூப் ஸ்க்ரீமர் பெடல், ஒன்று கைக்கு வந்திருக்கிறது, உள்ளே சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சிப்பைக் கழற்றிவிட்டுப் பழைய ஜேஆர்சி 4558 போடப்போகிறேன், அலையின் உச்சியை வெட்டிக் கரகரப்பைத் தருகிற டையோடுகளை எல்இடி ஆக்கப்போகிறேன், பெருக்கம், அதாவது கெயின், போதவில்லை, அதனால் அந்த 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் குறைக்கப்போகிறேன் என்று வரிசையாக எழுதியிருக்கிறாய். கூடவே பச்சையா, பாஸ் கம்பெனியின் மஞ்சள் எஸ்டி-1-ஆ, எது நல்லது என்ற நம் பழைய சண்டையையும் கிளப்பியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் செய்வதில்லை. இரண்டு பெடலின் சத்தத்தையும் சமமாக வைத்துவிட்டு அப்புறம் கேள்.

இதை நான் ஏன் பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், காது சத்தத்துக்கு மயங்கும். ஒலி மெல்லியதாக இருக்கும்போது தாழ்ந்த ஸ்வரங்களும் மிக உயர்ந்தவையும் நமக்குக் குறைவாகவே கேட்கின்றன. பிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை 1933-லேயே அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். அதனால் ஒரே பெடலை லெவல் குமிழை மட்டும் கொஞ்சம் ஏற்றிக் கேட்டால் ‘பாடி அதிகம், வெளிச்சம் அதிகம்’ என்று தோன்றும். நீ சொல்கிற எல்இடி மாற்றத்தை எடுத்துக்கொள். சாதாரண சிலிக்கன் டையோடு சுமார் 0.6 வோல்ட்டில் அலையை வெட்டத் தொடங்கும், சிவப்பு எல்இடி சுமார் 1.7-க்கு வந்தபின்தான் வெட்டும். அதாவது வெளியே வரும் சிக்னல் ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிதாகிவிடும். மாற்றியவுடன் “அடடா, திறந்துகொண்டது!” என்று கத்துவாய். அதில் பாதி வெறும் சத்தம். லெவலை இறக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தபின் மீதி என்ன நிற்கிறது என்று பார். கம்ப்ரஷன் (உரத்ததும் மெல்லியதும் நெருங்கிவருவது) குறைவு, டிரைவ் குறைவு, விரல் அழுத்தத்துக்கு நேராகப் பதில். அது உனக்குப் பிடித்தால் வைத்துக்கொள். ஆனால் கெயின் போதவில்லை என்று சொல்கிறவன் அதைக் கேட்பது எனக்கு விசித்திரமாகத்தான் இருக்கிறது.

ஒப்பிடுவதற்கு நான் செய்வது இதுதான். லூப்பரைப் பெடல்களுக்கு முன்னால் மாட்டி, ஒரு சின்ன ரிஃப்பைப் பதிந்து, அது பாட்டுக்குச் சுற்றும்படி விட்டுவிடுவேன். கை இரண்டும் ஓய்வு. இப்போது குமிழ்களை மட்டும் திருப்பலாம், வாசிப்பு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும். லெவல் சமமானதும் உன் மகளைக் கூப்பிட்டு, எதை மிதிக்கிறாள் என்று சொல்லாமல் மாற்றி மாற்றி மிதிக்கச் சொல், நீ திரும்பி உட்கார்ந்துகொள். ஃபஸ் பெடலுக்கு மட்டும் இந்த வழி சரிவராது. அது கிட்டாரின் பிக்கப்போடு (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) நேரடியாகப் பேசுகிற ஜாதி, நடுவில் லூப்பர் வந்தால் குணமே மாறிவிடும். டியூப் ஸ்க்ரீமரின் வாசலிலேயே பிக்கப்பையும் உள் சர்க்யூட்டையும் பிரித்துவைக்கும் பஃபர் இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

இந்தச் சோதனையில் முதலில் காணாமல் போவது சிப் வித்தியாசம்தான். 4558-ஐக் கோயில் விக்கிரகம் போலப் பேசுகிறார்கள். அந்தச் சர்க்யூட்டில் உச்ச கெயினே சுமார் 118 மடங்கு. டையோடு திறந்ததும் அதுவும் இறங்கிவிடும். ஓரளவு யோக்கியமான எந்த டூயல் ஆப்-ஆம்பும் அந்த வேலையை அலட்டிக்கொள்ளாமல் செய்யும். முந்தைய டியூப் ஸ்க்ரீமரான டிஎஸ்-808-க்கும் டிஎஸ்-9-க்கும் உள்ள வித்தியாசம் என்று சொல்லப்படுவதும் கடைசியில் வெளியேறும் இடத்தில் இருக்கும் இரண்டு ரெசிஸ்டர்களில் வந்து நிற்கிறது. 808-ல் 100 ஓமும் 10 கிலோ ஓமும், 9-ல் 470 ஓமும் 100 கிலோ ஓமும். ஆசையாக இருந்தால் மாற்று, கெடுதல் இல்லை. ஆனால் சிப் எங்கேயுமே முக்கியமில்லை என்று நான் சொல்வதாக நினைக்காதே. பழைய ராட் என்கிற டிஸ்டார்ஷன் பெடலில் இருக்கும் எல்எம்308 சிப் நிஜமாகவே மந்தமானது. கெயினை ஏற்றும்போது அந்த மந்தம் அலையின் விளிம்பை மழுக்குகிறது, அதுவே அதன் குரல். அங்கே வேகமான சிப்பைப் போட்டால் வேறு பெடலாகிவிடும்.

இப்போது நீ தொடப்போகிற 4.7 கிலோ ஓம். பச்சைப் பெட்டியின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். அந்த ரெசிஸ்டரும் அதோடு தொடராக நிற்கிற 0.047 மைக்ரோஃபாரட் கபாசிட்டரும் சேர்ந்துதான் எந்த ஸ்வரம் எவ்வளவு பெருகவேண்டும் என்று தீர்மானிக்கின்றன. கணக்குப் போட்டால் எல்லை 720 ஹெர்ட்ஸில் வருகிறது. அதற்கு மேலே இருப்பதற்கு முழு கெயின், கீழே போகப்போகக் குறைந்துகொண்டே வரும். முதல் கம்பியில் 13-ஆவது ஃப்ரெட்டே 698 ஹெர்ட்ஸ்தான். அதாவது நீ வாசிக்கிற பெரும்பாலான ஸ்வரங்களின் அடிப்படை அதிர்வெண் அந்த எல்லைக்குக் கீழேதான் கிடக்கிறது. டிரைவை முழுக்கத் திருப்பினாலும் 82 ஹெர்ட்ஸில் இருக்கும் ஆறாவது கம்பிக்குக் கிடைப்பது சுமார் 13 மடங்குதான், மேலே இருப்பவற்றுக்கு 118. இந்தப் பெடலில் கோர்ட் வாசித்தாலும் குழம்பாமல் இருப்பதற்கும், மூக்கால் பாடுவது போல நடுக்குரல் முந்திக்கொண்டு வருவதற்கும் காரணம் இதுதான்.

நீ ரெசிஸ்டரை 2.2 கிலோ ஓமாக்கினால் கெயின் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும், சரி. ஆனால் எல்லையும் சேர்ந்து சுமார் 1,540 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். தாழ்ந்த கம்பிகளுக்குப் புதிதாக எதுவுமே கிடைக்காது, கூடிய கெயின் முழுவதும் மேலே போய் உட்காரும். கீச்சென்று கேட்கும், சிப்பைக் குறை சொல்வாய். ரெசிஸ்டரைக் குறைத்தால் கபாசிட்டரை அதே விகிதத்தில் கூட்டியாகவேண்டும்.

கெயினை விட்டுவிட்டு பேஸ் மட்டும் வேண்டுமென்றால் கபாசிட்டரை மட்டும் தொடு. அதைக் கழற்றக்கூட வேண்டாம். பக்கவாட்டில் இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டின் மதிப்பும் கூடும். நான் என் பெடலில் பார்த்தது இப்படி: அடித்தகட்டைக் கழற்றிக் குப்புற வைத்து, லூப்பரில் ஒரு ஓப்பன் ஈ கோர்ட் சுற்ற, ‘473’ (அதாவது 0.047) என்று அச்சிட்ட இன்னொரு கபாசிட்டரின் இரண்டு காலையும் போர்டின் அடியில் அந்த இரண்டு சால்டர் புள்ளிகளில் மெதுவாக வைத்தேன். தொட்ட நொடியில் ஆறாவது கம்பிக்கு உடம்பு வந்தது. தொடர்பு விட்டதும் மறுபடி ஒல்லியானது. ‘224’ (0.22) ஒன்றை வைத்துப் பார்த்தபோது கோர்டின் நடு ஸ்வரம் அடி ஸ்வரத்தோடு உரசி, ஒவ்வொரு ஸ்ட்ரம்முக்கும் பின்னால் கரகரவென்று ஒரு வால் நீண்டது. டோனை எவ்வளவு திறந்தாலும் அது போகவில்லை, போகவும் போகாது. டோன் குமிழ் வெட்டுக்குப் பின்னால் இருக்கிறது, குழப்பம் வெட்டுக்கு முன்னாலேயே உள்ளே போய்விட்டது. கடைசியில் முதல் 473-ஐயே நிரந்தரமாக வைத்துவிட்டேன். சிங்கிள் காயில் பிக்கப்புக்கு அது அளவாக இருக்கிறது. உன்னுடையது இன்னும் தடித்த ஒலி தருகிற ஹம்பக்கர் பிக்கப், அதிலும் நீ எப்போதும் கழுத்துப் பக்கப் பிக்கப்பிலேயே குடியிருப்பவன். உன் கிட்டாருக்கு ஃபேக்டரி அளவே போதும் என்பது என் எண்ணம்.

மஞ்சள் பெட்டி விஷயம். பாஸ் கம்பெனியின் ஓடி-1 வந்தது 1977, நீ வைத்திருந்த எஸ்டி-1 1981. இரண்டிலும் அலையின் ஒரு பக்கத்துக்கு ஒரு டையோடு, மறுபக்கத்துக்கு இரண்டு. மேலும் கீழும் ஒரே மாதிரி வெட்டுப்படாததால் இரட்டைப்படை ஹார்மானிக்ஸும் (அடிப்படை அதிர்வெண்ணின் 2, 4 மடங்குகள்) சேர்ந்துகொள்கின்றன. பச்சையில் பக்கத்துக்கு ஒன்றுதான். மற்றபடி இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்: இரண்டிலும் டையோடுகள் ஆப்-ஆம்பின் வெளியீட்டை உள்ளே திருப்பிக் கொடுக்கும் ஃபீட்பேக் பாதையில் இருப்பதால், வெட்டுப்பட்ட அலையின் மேல் உன் கிட்டாரின் வெட்டாத சிக்னலும் கூடவே சவாரி செய்கிறது. பலமாக மீட்டுவதும் மெல்ல மீட்டுவதும் தனித்தனியாகத் தெரிவது அதனால்தான். டையோடுகளைத் தரையோடு இணைத்திருக்கும் ராட்டில் அந்தச் சவாரி கிடையாது. எனவே சண்டையை முடிக்க வழி ரொம்ப எளிது. உன் பச்சையில் ஒரு டையோடின் ஒரு காலைத் தூக்கி, தொடராக இன்னொரு டையோடு (1என்4148) சேர். டையோடின் மேல் இருக்கும் கோடு அதே திசையில் வரும்படி பார்த்து வை. மஞ்சளின் குணத்தில் பெரும்பங்கு வந்துவிடும். வித்தியாசம் நுட்பமாகத்தான் இருக்கும். தனி ஸ்வரத்தை நீட்டிப் பிடித்து அது தேயும்போது கேட்டால் தெரியும்.

க்ளான் என்ற அந்தப் பேர்போன ஓவர்டிரைவ் பெடல் பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல பெடல்தான். ஜெர்மானியம் டையோடு மாயம் என்கிறார்கள். கெயினைக் குறைவாக வைத்து வாசிக்கிறவர்களின் சிக்னல் பெரும்பாலும் அந்த டையோடு பக்கமே போகாமல் சுத்தமான பாதையில் வெளியே வந்துவிடுகிறது. அதைச் செய்த பில் ஃபினிகனே, இந்த ஆரவாரத்தை நான் உண்டாக்கவில்லை என்று பின்னாளில் தன் பெடலின் மேலேயே அச்சடித்துவிட்டார். மனிதர் எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான்.

கெயின் போதவில்லை என்றாயே, அதற்கு என் யோசனை வேறு. உன் வால்வ் ஆம்பை உடையத் தொடங்கும் விளிம்பில் வைத்துவிட்டு, பெடலில் டிரைவை அடியோடு குறைத்து, லெவலை முழுக்க ஏற்று. பேஸைக் குறைத்து நடுக்குரலைத் தள்ளி ஆம்பின் வாயில் ஊட்டுவதில் இந்தப் பெட்டியை மிஞ்ச ஆளில்லை. மெட்டல் வாசிக்கிறவர்கள் ஏற்கெனவே கொதிக்கிற ஆம்புக்கு முன்னால் இதை வைப்பதும் தாழ்ந்த கம்பிகளை இறுக்கிப் பிடிக்கத்தான். இவ்வளவு செய்தும் போதவில்லை என்றால் எனக்கு எழுது, ரெசிஸ்டர் மதிப்புகளைக் கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

பெடலுக்குள் 9 வோல்ட்தான், தைரியமாகத் தடவிப் பார்க்கலாம். ஆனால் அதே தைரியத்தில் வால்வ் ஆம்பைத் திறந்துவிடாதே. அதில் நூற்றுக்கணக்கான வோல்ட், பிளக்கைப் பிடுங்கினபின்னும் கபாசிட்டரில் தங்கியிருக்கும். இன்னொன்று, போர்டில் அயர்னை ரொம்ப நேரம் அழுத்தாதே, செம்புத் தடம் பெயர்ந்து வந்துவிடும். சிப்பை மாற்றியே தீருவேன் என்று நின்றால், எட்டுக் கால் சாக்கெட் ஒன்றைப் பற்றவைத்துவிடு. அப்புறம் சிப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிச் சந்தோஷப்படலாம்.

மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே ரிஃப்பைப் பதிந்து அனுப்பு. எது முன், எது பின் என்று சொல்லாதே, நான் கண்டுபிடிக்கிறேனா பார்ப்போம். முடிந்தால் பின்னால் உன் மகளின் டிரம்ஸையும் சேர்த்துவிடு.

உன்,
பழைய ரிதம் கிட்டார்

பின்குறிப்பு: அடாப்டர் வாங்கும்போது நடு முனை மைனஸ் உள்ளதா என்று பார்த்து வாங்கு. 18 வோல்ட் கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று யாராவது சொன்னால், முதலில் சப்ளை பக்கத்துக் கபாசிட்டரின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படி. 16 என்று இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்.