பீரங்கிக்குக் கீழே இருக்கும் தெரு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ கோட்டை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மகள் அங்கே வேலையில் இருப்பதால் நானும் அந்த எரிமலைப் பாறையில் ஏறி இறங்கியவன். 1861 முதல் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பகல் ஒரு மணிக்குச் சுடும் பீரங்கி, 1449இல் செய்த மான்ஸ் மெக் என்ற பெரும் பீரங்கி, 12ஆம் நூற்றாண்டுச் சிறு தேவாலயம் என்று எதையும் கட்டுரையாளர் விடவில்லை. (மான்ஸ் மெக்கைப் பார்த்து வாய் பிளப்பவர்கள் தஞ்சை பீரங்கி மேட்டுக்கும் ஒரு நடை வரலாம். அங்குள்ள பீரங்கியும் இரும்புப் பட்டைகளை வளையம் போட்டு இறுக்கிச் செய்த வேலைதான். எடையிலும் நம்முடையதே பெரிது.)

ஆனால் கோட்டை வாசலுக்குக் கீழே இறங்கும் பழைய ஊரை 'அழகான பழங்காலக் கட்டடங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அங்கே நான் அண்ணாந்து பார்த்தது மாடி ஜன்னல்களில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை. அந்தச் சந்துகளில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன.

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வசதியுள்ளவர்கள் புது நகரத்துக்குப் போய்விட, 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதி நெரிசலும் நாற்றமுமாகக் கிடந்தது. 1886இல், பின்னாளில் நகரமைப்பு அறிஞராகப் பெயர் பெற்ற பேட்ரிக் கெடிஸ் என்பவர் மனைவியோடு ஜேம்ஸ் கோர்ட் என்ற பாழடைந்த முற்றத்துக்கே குடிவந்தார். அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு சுண்ணாம்பு அடித்தார், செடி வைத்தார். தேறாத கட்டடத்தை மட்டும் இடித்துக் காற்றுக்கு வழிவிட்டார்.

அதே கெடிஸ்தான் 1914இல் சென்னை மாகாணத்துக்கு வந்து தஞ்சாவூருக்கும் அறிக்கை எழுதியவர். தஞ்சைக் கோட்டைக்குள் நெருக்கமான தெருக்களை அறுத்துக்கொண்டு நேர்ச் சாலை போடும் யோசனை அப்போது இருந்தது. அது வேண்டாம், இடிந்து கிடக்கும் மனைகளைத் திறந்த இடமாக்கி மரம் வையுங்கள், மற்ற வீடுகளைத் தொடாதீர்கள் என்றார். நில அளவையில் சங்கிலி பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காகிதத்தில் அரை அங்குலக் கோடு தரையில் எத்தனை அடுப்படிக்குள் ஓடும் என்பது மேசையில் உட்கார்ந்து போடுபவருக்குத் தெரியாது.

எடின்பரோவிலும் எல்லாம் சரியில்லை. பல கதவுகளில், தங்க வருபவர்கள் தாங்களே சாவி எடுத்துக்கொள்ளும் பெட்டி தொங்குகிறது. வீடுகள் சுற்றுலாக்காரர்களுக்கு நாள்வாடகைக்குப் போய்விட்டன. குடியிருந்தவர்கள் முறையிட்டு, 2022 முதல் நகரம் முழுவதும் இதற்குக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. வீட்டைப் புதிதாக முழுநேரமும் அப்படி விட, நகர மன்றத்தின் திட்ட அனுமதி வாங்க வேண்டும்.

தஞ்சை மேல வீதியிலும் வடக்கு வீதியிலும் பாரம்பரியம், சுற்றுலா என்று எந்தத் திட்டம் பேசப்பட்டாலும், அங்கே குடியிருப்பவர்களையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கெடிஸின் தஞ்சை அறிக்கையைத் தங்கள் நாளிதழ் தமிழில் தொடராக வெளியிட்டால், பழைய வரைபடங்களைப் படித்துச் சொல்ல நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையர்,
தஞ்சாவூர்.